கருச்சோதனை யாருக்காக?

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரத்துத் தம்பதியர் குழந்தைப்பேறு வேண்டி மருத்துவமனை ஏறுவது இன்று புதிய செய்தியன்று. தேனியிலும் மதுரையிலும் தனியார் கருத்தரிப்பு மையங்கள் பெருகிவிட்டன. நெடுஞ்சாலை ஓரத்துப் பலகைகள்தோறும் கொழுகொழு குழந்தைகள் சிரிக்கின்றன. இத்தகைய மையங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வாக்குறுதி கேட்கிறது: கருவை மரபணுச் சோதனைக்கு அனுப்பி, குறையற்ற கருவை மட்டும் தேர்ந்து கருப்பையில் வைப்போம் என்பது. உரியவருக்கு இச்சோதனை பெருங்கொடை. உரியவர் அல்லாதாருக்கு வீண்செலவு, சிலவேளை ஈடுசெய்ய முடியாத இழப்பு. நாட்டில் இன்று நிலவும் முறைமையோ தலைகீழாக உள்ளது. பணம் உள்ளவருக்குத் தேவையின்றியும் சோதனை கிடைக்கிறது. பரம்பரை நோயால் பிள்ளையைப் பறிகொடுத்த ஏழைக் குடும்பத்துக்கு அப்படியொரு வழி இருப்பதே தெரிவதில்லை. இந்த முறைகேடு நீங்க அரசு முன்வர வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

இதுபற்றிப் பேசும் பொறுப்பு பிற வட்டாரங்களைக் காட்டிலும் நமக்கு மிகுதி. உத்தமபாளையத்திலிருந்து மதுரைக்குச் செல்லும் பேருந்து தேனியையும் ஆண்டிப்பட்டியையும் கடந்து உசிலம்பட்டி வழியாகவே போகிறது. 1986ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ‘இந்தியா டுடே’ இதழ் அந்த உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலையை நாடறியச் செய்தது. எருக்கம்பாலும் நெல்லும் பச்சிளங் குழந்தையின் தொண்டையில் இறங்கிய கொடுமையை அன்று இந்தியா முழுவதும் படித்துத் தலைகுனிந்தது. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1994இல் ‘கருத்தம்மா’ படத்தின் வழியே அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவாக்கப்பட்டபோது, மதுரை, திண்டுக்கல், தருமபுரி ஆகியவற்றோடு தேனி மாவட்டமும் சேர்க்கப்பட்டது. சேர்க்க வேண்டிய நிலையில் நாம் இருந்தோம் என்பதை மறைப்பதில் பயனில்லை.

பின்னர் ஊர்தோறும் ஸ்கேன் வந்தது. பிறந்தபின் நடந்த கொலை பிறப்பதற்கு முன்னே நடக்கத் தொடங்கியது. அதைத் தடுக்க நாடாளுமன்றம் 1994இல் சட்டம் இயற்றியது. 1996இல் அது நடைமுறைக்கு வந்தது. 2003இல் திருத்தப்பட்டபோது, கருவுறுதலுக்கு முந்தைய பாலினத் தேர்வும் குற்றமாயிற்று. ஆகவே ஆய்வுக்கூடத்துக் கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துத் தேர்வதும் இன்று குற்றமே. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. பாலினம் தேர்ந்து தருவதாக விளம்பரம் செய்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அல்லது 10 முதல் 25 இலட்ச ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்கிறது அச்சட்டம்.

சட்டம் கடுமையானதே. ஆயினும் முந்தைய இரு குற்றங்களுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிறந்த குழந்தையைக் கொன்றபோது அழுகுரல் இருந்தது, அண்டைவீடு அறிந்தது, கிராமச் செவிலியின் பதிவேட்டில் ஒரு பிறப்பு இருந்தது. ஸ்கேன் பார்த்துக் கருக்கலைத்தபோதும் ஒரு பெண்ணின் உடல் சான்றாக நின்றது. ஆய்வுக்கூடத்தில் ஒரு கரு ஒதுக்கப்படும்போது சாட்சி எவருமில்லை. கரு உறைந்துள்ள ஒரு மெல்லிய குழல் திரவ நைதரசன் கலத்தினுள் எடுக்கப்படாமல் கிடக்கும், அவ்வளவே. இந்திய ஆய்வுக்கூடங்கள் தம் அறிக்கையில் பாலினத்தை மறைத்தே தரவேண்டும். அவை மறைத்துத்தான் தருகின்றனவா என்பதைப் பதிவேட்டின் மேலட்டையைப் பார்த்துக் கையெழுத்திடும் ஆய்வுக் குழுவால் கண்டறிய இயலாது. ஆய்வுக்கூடத் தரவைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அக்குழுவில் இருந்தாக வேண்டும்.

இத்தனை அச்சம் இருக்கையில் கருச்சோதனையையே முற்றாகத் தடைசெய்துவிடலாமே என்று நல்லெண்ணம் கொண்ட சிலர் கேட்கின்றனர். அவர்கள் இச்சோதனை பிறந்த கதையை அறிய வேண்டும். 1990இல் இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைடும் அவர்தம் குழுவினரும் உலகில் முதன்முறையாகக் கருவைச் சோதித்துத் தேர்ந்தபோது அவர்கள் பார்த்தது கருவின் பாலினத்தையே. தாய் வழியாக ஆண்மக்களை மட்டும் தாக்கும் கொடுநோய்கள் பரவிய குடும்பங்கள் அவை. நோயின் மரபணுவை நேரே கண்டறியும் திறன் அன்று இல்லாததால், நோய் தாக்காத பெண்கருவைத் தேர்ந்து வைத்தார்கள். உசிலம்பட்டிச் சாலையில் எந்தச் செயல் குற்றமோ, அதே செயல் அங்கே தாய்மாரின் கண்ணீரைத் துடைத்தது. நம் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் இதை உணர்ந்தே, பாலினத்தோடு இணைந்த மரபு நோய்களைக் கண்டறியும் சோதனைக்கு இடமளித்திருக்கிறது.

அத்தகைய நோய்களுள் ஒன்றை இங்கே விரித்துரைக்க வேண்டும். டூஷேன் தசைச்சிதைவு நோய் ஏறத்தாழ 3500 முதல் 5000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவரைத் தாக்குகிறது. பையன் நடக்கச் சற்றுப் பிந்துவான். கெண்டைக்கால் பருத்துத் திரண்டிருக்கும். உடம்பு வைக்கிறது என்று வீட்டார் மகிழ்வர். நான்கைந்து வயதில் தரையிலிருந்து எழும்போது, முழங்காலிலும் பிறகு தொடையிலும் கையூன்றித் தன்னுடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் எழுவான். பள்ளியில் அடிக்கடி விழுவான். வேண்டுமென்றே விழுகிறான் என்று அடியும் வாங்குவான். பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் நடை நின்றுவிடும். பின்னர் மூச்சுத் தசையும் இதயத் தசையும் தளரும். இந்நோயுற்ற பிள்ளைகளின் தாய்மாரில் மூவருக்கு இருவர் குறையுள்ள மரபணுவைச் சுமப்பவர். எஞ்சியவர்க்கு அது புதிதாய் நேர்ந்த மாற்றம். சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஆண்மக்களில் பாதிப்பேருக்கு நோய் வர வாய்ப்பு உண்டு. அவளுடைய தங்கைக்கும் அது இருக்கக்கூடும். ஆனால் மூத்தவள் மகனுக்கு நோய் உறுதியான அன்று, தங்கையையும் அழைத்து வாருங்கள் என்று சொல்லும் மருத்துவர் அருகில் இருந்தால்தானே? அவர் இல்லாமையால், தங்கையின் வீட்டிலும் சில ஆண்டுகளில் ஒரு பையன் தொடையில் கையூன்றி எழத் தொடங்குகிறான். அவளுடைய மாமியார் வீட்டில் அது சாபம் எனப்படுகிறது. குற்றம் முழுதும் அவள்மேல் விழுகிறது.

கோவையில் மருத்துவர் பி.ஆர். லட்சுமி நிறுவிய மூலக்கூறு நோயறிதல், ஆலோசனை, பராமரிப்பு, ஆராய்ச்சி மையம் இந்நோய்க்காகவே பல்லாண்டாய் உழைத்துவருகிறது. சுமக்கும் தாயைக் கண்டறிவதும், குடும்பத்துக்கு அறிவுரை கூறுவதும், கருவுற்ற தங்கைக்குச் சோதனை செய்வதும் அங்கே ஒரு கூரையின்கீழ் நடக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிச்சோகை நோயிலும் இரத்த ஒழுக்கு நோயிலும் நாட்டுக்கே வழிகாட்டி. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை அது 1986இலேயே தொடங்கிவிட்டது. 2018இல் அகமதாபாதில் ஒரு தம்பதியர், தலசீமியா இல்லாததும், நோயுற்ற தமையனின் மஜ்ஜையோடு பொருந்துவதுமான கருவைச் சோதித்துத் தேர்ந்து ஒரு மகளைப் பெற்றனர். அவளுடைய மஜ்ஜை 2020இல் தமையனுக்கு அளிக்கப்பட்டது. ஒரு குழந்தையை இன்னொன்றின் மருந்தாகப் பிறப்பிக்கலாமா என்ற அறக்கேள்வி அங்கே எழுந்தது, எழ வேண்டியதே. ஆயினும் திங்கள்தோறும் குருதி ஏற்றிப் பிள்ளையைக் காத்த பெற்றோரை நோக்கி எளிதில் கல்லெறிய நம்மால் ஆகாது.

இத்தகைய குடும்பங்கள் நம்மிடையே குறைவாக இருக்கும் என்று எண்ண வேண்டா. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 மணங்கள் உறவுக்குள் நடப்பவை. நாட்டில் இதுவே மிகுதி. அக்காள் மகளை மணப்பதும், மாமன் மகளையும் அத்தை மகளையும் கொள்வதும் நிலமும் நகையும் உறவும் சிதறாமல் காக்கும் வழக்கங்களாக நம் ஊர்களில் வேரூன்றியவை. தாயும் தந்தையும் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே குறையைப் பெற்றிருந்தால், ஒளிந்திருந்த நோய் பிள்ளையிடம் வெளிப்படும். சொந்தத்தில் கட்டினாலே ஊனப்பிள்ளை என்று மேடையில் முழங்குவோரும் உளர். அதுவும் அறிவியலாகாது. எந்த மணத்திலும் நூற்றுக்கு இரண்டு மூன்றாக இருக்கும் பிறவிக்குறை வாய்ப்பு, மாமன் மகள் போன்ற உறவில் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதே உண்மை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றனர். இம்மக்களை இகழ்வதால் ஒரு நோயும் குறையாது.

மேலும், சொந்தத்தில் கொள்ளாதோர்க்கும் சாதிக்குள் கொள்ளும் வழக்கம் உண்டு. ஐதராபாது உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் அமெரிக்கரான டேவிட் ரெய்க்கும் தம் குழுவினரோடு 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையோடு காட்டியது. தெற்காசியாவில் அவர்கள் ஆராய்ந்த 263 குழுக்களில் 81 குழுக்கள், மரபியல் நூல்களில் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் பின்லாந்தினரையும் அஷ்கனாசி யூதரையும்விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து தோன்றியவை. பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 14 குழுக்களும் அவற்றுள் அடக்கம். யூத சமூகங்கள் தம் மரபு நோய்களைப் பட்டியலிட்டு, திருமணத்துக்கு முன்பே சோதித்து, கொடிய நோய்கள் சிலவற்றைப் பெரிதும் குறைத்துவிட்டன. நம் சமூகங்களின் பட்டியல் எங்கே? சாதிச் சங்கங்கள் மாநாடு கூட்டவும் மண்டபம் கட்டவும் செலவிடுவதில் ஒரு சிறு பங்கையேனும் தம் குழந்தைகளைத் தாக்கும் நோய்களை அறிவதில் செலவிட்டால் அது மெய்யான தொண்டாகும்.

இனி, கடையில் விற்கப்படும் சோதனைக்கு வருவோம். மேற்சொன்னவாறு குடும்பத்தில் அறியப்பட்ட ஒரு நோயைத் தேடுவது ஒருவகை. எந்த நோயும் இல்லாத தம்பதியரின் கருக்களில் குரோமோசோம்களின் எண்ணிக்கை சரியாக உள்ளதா என்று பார்ப்பது மற்றொரு வகை. செலவைக் கூட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. அது நடக்கும் முறையைப் படிப்பவர் அறிய வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, மயக்கம் கொடுத்துக் கருமுட்டைகளை எடுத்து, விந்தணுவோடு சேர்க்கிறார்கள். ஐந்தாம் நாள் கரு நூற்றுக்குச் சற்று மேற்பட்ட உயிரணுக்கள் கொண்ட சிறு கோளமாகிறது. அதன் ஓட்டில் லேசர் கதிரால் துளையிட்டு, மயிரினும் மெல்லிய கண்ணாடிக் குழலால் ஐந்து முதல் பத்து உயிரணுக்களை உறிஞ்சி எடுக்கிறார்கள். அவை தொலைநகர ஆய்வுக்கூடத்துக்குப் போகின்றன. முடிவு வரும்வரை கரு மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிரில் உறைந்திருக்கிறது. எடுக்கப்பட்ட உயிரணுக்கள் பின்னாளில் நஞ்சுக்கொடியாகும் புறவுறையைச் சேர்ந்தவை. குழந்தையாகும் உட்திரளைச் சேர்ந்தவை அல்ல. புறத்தே சில உயிரணுக்களில் குறையும் உள்ளே நலமும் உள்ள கலப்புக் கருக்கள் உண்டு. இத்தாலியில் அத்தகைய கலப்புக் கருக்களை 18 பெண்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த அறிக்கையின்படி அவற்றிலிருந்து நலமான குழந்தைகள் ஆறு பிறந்தன. பழுது என்று ஒதுக்கியிருந்தால் அந்த ஆறும் இல்லை.

சோதனை செய்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு உயருமா? சீனத்தில் 37 வயதுக்கு மேற்படாத 1212 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. சோதித்த கருக்களை வைத்தவரில் நூற்றுக்கு 77.2 பேரும், சோதிக்காமல் வைத்தவரில் 81.8 பேரும் குழந்தை பெற்றனர். பிரிட்டனின் கருத்தரிப்பு, கருவியல் ஆணையம், பெரும்பாலான நோயாளிகளுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதில் இச்சோதனைக்குச் சிவப்புக் குறியிட்டிருக்கிறது. கருச்சிதைவைக் குறைப்பதில் பயன் உண்டென்றும் அதே ஆணையம் ஒப்புகிறது. மீண்டும் மீண்டும் கரு கலைந்த பெண்ணுக்கும், வயது ஏறிய சிலருக்கும், மருத்துவர் ஆராய்ந்து பரிந்துரைத்தால் அது தகும். ஆனால் இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு, முதல் முயற்சியிலேயே, இதுவும் சேர்த்துச் செய்துவிட்டால் உறுதி என்று சொல்வது பொய். நாற்பதைக் கடந்து இரண்டே கருக்கள் கிடைத்த பெண்ணிடம், இரண்டும் பழுது என்ற தாளை நீட்டி வீட்டுக்கு அனுப்புவது அதனினும் கொடிது. அத்தாள் தவறாகவும் இருக்கலாம் என்று அவளிடம் எவர் சொன்னார்?

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி போய்விட்டார்கள். உயரம், அறிவுத்திறன், பின்னாளில் வரக்கூடிய சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டுக் கருக்களை வரிசைப்படுத்தித் தரும் நிறுவனங்கள் அங்கே கடை விரித்துள்ளன. ஐரோப்பிய மனித மரபியல் சங்கம் இதை மெய்ப்பிக்கப்படாத, அறமற்ற செயல் என்று கண்டித்தது. அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரின் மரபணுத் தரவிலிருந்து கணக்கிடப்பட்டவை. கம்பத்துக் குழந்தையைப் பற்றி அவை சொல்லக்கூடியது மிகச் சொற்பம். நம் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அறியப்பட்ட மரபு நோய்களுக்கோ பதிவு அதிகார அமைப்பு குறிப்பிடும் பிறவற்றுக்கோ மட்டுமே கருச்சோதனை என்று வரம்பு கட்டுகிறது. குறிப்பிடும் பிறவற்றுக்கு என்ற அந்தத் தொடரின் வழியாக நாளை இந்தக் கடைச்சரக்கு உள்ளே நுழையாதவாறு, செயற்கைக் கருத்தரிப்புக்கான தேசிய வாரியம் ஒரு பட்டியலை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பொண்ணு கலரா இருக்கணும் என்று வரன் தேடும் நாட்டில் இந்த எச்சரிக்கை மிகையாகாது.

சோதனையைப் பற்றியே பேசிக் கருத்தரிப்பு மருத்துவத்தின் அடிப்படையை மறந்துவிடலாகாது. வயதுவந்தோரில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருவுறாமைத் துன்பத்தை எதிர்கொள்கிறார் என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவித்தது. கருவுறாமை நேர்வுகளில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் பங்கும் உண்டு. நம் ஊர்களில் நடப்பதென்ன? மணமாகி ஓராண்டு கழிந்தால் மருமகளை மட்டும் கோயிலுக்கும் வைத்தியரிடமும் அழைத்துச் செல்வார்கள். விசேஷம் உண்டா என்ற கேள்விக்கு அஞ்சி அவள் திருமண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிடுவாள். வளைகாப்பில் அவளைப் பின்வரிசைக்குத் தள்ளுவார்கள். அவள் கணவனுக்குச் செய்யவேண்டிய விந்தணுச் சோதனை எளியது, மலிவானது, வலியற்றது. அதுவோ கடைசிவரை ஒத்திப்போடப்படும். இரண்டாம் கலியாணப் பேச்சு அதற்கு முன்பே எழும். இதைக் குடும்பத்துச் செய்தி என்று ஒதுக்க நாம் உடன்பட மாட்டோம். பெண்ணின் உடலில் ஊசி ஏறுமுன் ஆணின் சோதனை முடிந்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் மாறா விதியாகக் கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கே உரிய ஐயம் ஒன்று உண்டு. பன்னீர்த் திராட்சைக் கொடிக்கும் மலையேறிப் போகும் ஏலத்தோட்டத்துக்கும் மருந்தடிப்பவர் நம் ஆண்களே. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, மருந்துப் புகையினூடே நாளெல்லாம் நடக்கிறார்கள். 1977இல் கலிபோர்னியாவின் லாத்ரோப் ஊரில் பூச்சிமருந்து ஆலைத் தொழிலாளர், தங்களில் எவர் வீட்டிலும் பிள்ளை பிறக்கவில்லையே என்று தமக்குள் பேசிக்கொண்டதிலிருந்துதான் டிபிசிபி என்ற மருந்து ஆண்மலட்டை உண்டாக்கும் என்று உலகம் அறிந்தது. நடு அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதே மருந்து பின்னும் பல குடும்பங்களை வெறுமையாக்கியது. இங்கும் அதுவே நடக்கிறது என்று நாம் கூற முன்வரவில்லை. ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம். கருவை ஆராயப் பல இலட்சம் செலவிடும் காலத்தில், மருந்தடிக்கும் ஆணை ஆராய ஒரு சிறு தொகை ஒதுக்க எவர்க்கும் தோன்றாதது வருத்தம் தருகிறது. இதுபோலவே, பெண்களின் கருக்குழாய் அடைபடக் காசநோய் ஒரு காரணம். அதற்கான மருந்து அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கிறது. தக்க காலத்தில் கண்டுபிடித்தால், சோதனைக்குழாய் வரை போகவேண்டிய தேவையே சிலருக்கு இராது.

போகவேண்டிய தேவை வந்தவரின் பாடு வேறு. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பமெட்டோ குமுளியோ ஏறி இடுக்கித் தோட்டங்களில் கூலிக்கு உழைக்கும் பெண், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஸ்கேன் பார்க்க மதுரைக்கு வா என்றால் அன்றைய கூலியை இழக்கிறாள். ஊசிமருந்தைப் பனிக்கட்டியோடு பொதிந்து எடுத்துவர வேண்டும். வீட்டில் குளிர்பெட்டி இல்லாதவள் பக்கத்து வீட்டில் வைக்கிறாள். ஊர் முழுதும் அறிந்துவிடுகிறது. தாலிக்கொடி தவிர எல்லாம் அடகுக்குப் போன பின்னரும் குழந்தை உறுதியில்லை. பிரிட்டனில் 35 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம்கூட, வைக்கப்படும் கருக்களில் மூன்றில் ஒன்றுதான் குழந்தையாகிறது. தமிழ்நாட்டு அரசு சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலும் மதுரையிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை அறிவித்தது போற்றத்தக்கது. தென்மாவட்டங்களுக்கு மதுரை மையமே ஒரே நம்பிக்கை. அது முழு ஆற்றலோடு இயங்கவும், ஊசியும் ஸ்கேனும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கிடைக்கவும், கருமுட்டை எடுக்கும் நாளுக்கு மட்டும் மதுரைக்குப் போவதாகவும் ஏற்பாடு செய்தல் எளிதே.

ஏழைப் பெண்ணின் உடல் இத்தொழிலில் வேறொரு வழியிலும் சுரண்டப்படுகிறது. 2022இல் ஈரோட்டில் வெளிப்பட்ட கொடுமை நினைவிருக்கும். பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியை, வயதைத் திரித்த போலி ஆதார் அட்டையோடு மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துச் சென்று, பலமுறை கருமுட்டை எடுக்கச் செய்தார்கள். தாயே அதில் கைதானாள். புதிய சட்டப்படி 23 முதல் 35 வயதுக்குட்பட்ட, மூன்று வயதேனும் நிரம்பிய குழந்தையுடைய, மணமான பெண் மட்டுமே, அதுவும் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே, கருமுட்டை கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கலாகாது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்து சில திங்களில் வெளிப்பட்டது ஈரோட்டுச் செய்தி. ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்தும் அட்டையில் இருந்த வயதை நம்பியதாகச் சொன்ன படித்தவர்களை மன்னிக்க நம் மனம் ஒப்பவில்லை.

மையங்கள் தேசியப் பதிவகத்துக்குத் தம் சிகிச்சை விவரங்களை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அவ்விவரம் மக்களுக்கு வெளியிடப்பட வேண்டும் என்று கேட்கிறோம். எந்த மையத்தில், எந்த வயதுப் பெண்களுக்கு, எத்தனை கரு வைத்து, எத்தனை குழந்தை உயிரோடு பிறந்தன என்பதை பிரிட்டனில் எவரும் பார்க்கலாம். இங்கோ ஒவ்வொரு பலகையும் தன் வாய்க்கு வந்த விழுக்காட்டை எழுதிக்கொள்கிறது. அதில் கருவுற்றவரைக் கணக்கிட்டார்களா, குழந்தை பெற்றவரைக் கணக்கிட்டார்களா என்பது தெரியாது. ஒப்புதல் படிவங்கள் தமிழில் அமைய வேண்டும். கையெழுத்திடுமுன் ஓரிரு நாள் அவகாசம் தரப்பட வேண்டும். கருச்சோதனையைப் பரிந்துரைக்கும் மருத்துவர், அதன் காரணத்தை அப்பெண்ணின் சிகிச்சைத் தாளில் தம் கைப்பட எழுதவேண்டும்; காரணம் எழுத இயலாத சோதனைக்குக் கட்டணம் வாங்கலாகாது.

ஊனமுற்றோர் எழுப்பும் ஒரு குரலையும் இங்கே கேட்டாக வேண்டும். சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையை நிறுவித் தசைச்சிதைவு நோயாளர்க்குப் புகலிடம் அமைத்த வானவன் மாதேவியும் இயலிசை வல்லபியும் தாமே அந்நோயுற்ற உடன்பிறந்தார். எழுந்து நிற்க இயலாத உடலோடு அவர்கள் பிறருக்காகச் செய்த பணியை, நலமான உடல் வாய்த்த நம்மில் எத்தனை பேர் செய்தோம்? கருவிலேயே தேர்ந்து விலக்கலாம் என்ற அறிவியல் வந்துவிட்டதால், பிறந்து வாழ்வோரின் மருந்தையும் சக்கர நாற்காலியையும் பள்ளிச் சாய்தளத்தையும் அரசு குறைத்துக்கொள்ளுமானால், அது பெரும் அநீதியாகும். கருச்சோதனைக்கு ஒரு ரூபாய் ஒதுக்கும்போது, அந்நோயோடு வாழ்வோருக்கு அதனினும் மிகுதியாக ஒதுக்க வேண்டும். ஒரு தாய் கருவைத் தேர்வதும் தேராமல் விடுவதும் அவளுடைய விருப்பம். தேராமல் விட்டவளின் பிள்ளையைப் பார்த்து, தெரிந்தும் ஏன் பெற்றாய் என்று கேட்கும் உரிமை எந்த மருத்துவருக்கும் உறவினருக்கும் கிடையாது.

கானாவிலக்கில் இயங்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மரபியல் ஆலோசனைப் பிரிவு ஒன்று முறையாக அமைய வேண்டும். முதல் கட்டமாக வாரம் ஒருநாள், கோவை, வேலூர் வல்லுநர்களைக் காணொலி வழியே இணைத்துத் தொடங்கலாம். இறந்த பிள்ளையையோ நோயுற்ற பிள்ளையையோ உடைய ஒவ்வொரு குடும்பத்தையும் கிராமச் செவிலியர் வழியாகக் கண்டறிந்து அங்கே வரவழைக்க வேண்டும். அடுத்த கருவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிச் சோதிப்பது ஒன்றே வழியன்று. இயல்பாகக் கருவுற்ற பின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிப்பது மிகக் குறைந்த செலவில் அதே விடையைத் தரும். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் அதன்பின் முடிவெடுக்க இடமும் அளிக்கிறது. இரண்டையும் விளக்கி, எது வேண்டும் என்று அக்குடும்பமே தேர விடவேண்டும். உத்தமபாளையம் அரசு மருத்துவமனைக்கு முதல்முறை வரும் கருவுற்ற பெண்ணிடம் எடுக்கும் குருதியிலேயே தலசீமியா சுமப்புச் சோதனையையும் செய்யலாம். அவளுக்கு இருந்தால் மட்டும் கணவனுக்கும் செய்தால் போதும். இதற்கான ஆணையை மக்கள் நல்வாழ்வுத் துறை இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும்.